எத்தனை மாடி என்று முதலில் சொல்லுங்கள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சொந்தமாக வீடு கட்ட இறங்குகிறவர் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி, சதுரத்துக்கு எவ்வளவு என்பது. நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்று கணக்குவைக்கும் பெங்களூர் வழக்கத்தில் அது நியாயமான கேள்விதான். தகராறு இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறது: பாயாவைக் கல்லில் போட்டால் மிச்சமா, பில்லர் எழுப்பினால் மிச்சமா? சொந்த ஊரில் கடைக்கால் என்றும் அஸ்திவாரம் என்றும் சொன்னவர்கள் இங்கே வந்த நாலு வருஷத்தில் பாயா என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். பெயர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. மேஸ்திரியும் பதில் சொல்லிவிடுவார். தனக்கு எந்த வேலை வருமோ அதைச் சொல்வார். ஆனால் அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது என்பது என் துணிபு. அஸ்திவாரச் செலவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மேலே வரப்போகும் பாரம் எவ்வளவு, கீழே இருக்கும் மண் எப்படி, பக்கத்தில் நிற்கும் சுவர் யாருடையது. இதில் மண்ணைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பணம் வீணாகும் இடமோ பெரும்பாலும் முதல் விஷயம். எத்தனை மாடி கட்டப்போகிறோம் என்று முடிவெடுக்காமல் குழி தோண்டுகிறவர்தான் இந்த ஊரில் மண்ணுக்குள் அதிகப் பணத்தைப் புதைக்கிறார்.

மண்ணை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்த விஷயத்தில் லிங்கராஜபுரம் கொடுத்துவைத்த இடம். பெங்களூர் உட்கார்ந்திருப்பது நைஸ் என்கிற பழம்பாறையின் மேல். அந்தப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளாக மக்கி, மேலே செம்மண்ணாகவும் அதற்குக் கீழே வெள்ளைக் கோடுகளும் அப்ரகத் துணுக்குகளும் மின்னும் மக்கிய பாறையாகவும் இறங்குகிறது. சென்னைப் பக்கத்துக் களிமண்ணில் வீடு கட்டிப் பழகியவர்களுக்கு இந்தச் செம்மண் ஒரு வரம். மேட்டுப் பாங்கான தெருக்களில் மூன்றடி, நாலடி தாண்டினாலே கடப்பாரை மறுக்கத் தொடங்கும். ஆனால் இதே நகரம் ஏரிகளால் ஆனது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஏரி, ஏரியிலிருந்து ஏரிக்கு ராஜகால்வாய் என்பதுதான் இதன் பழைய உருவம். சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானமாயிற்று, தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. லிங்கராஜபுரத்துக்கு வடக்கே ஹென்னூர் ஏரி இருந்த இடத்தில் எச்.பி.ஆர். லேஅவுட் வீடுகள் நிற்கின்றன. ஆகவே ஒரே பேட்டையில், நாலு தெரு தள்ளி, மண் முற்றிலும் வேறாக இருக்கலாம். மேட்டில் இருப்பவர் போட்ட பாயாவைப் பார்த்துப் பள்ளத்தில் இருப்பவர் போடுவதும், பள்ளத்தில் இருப்பவருக்கு ஆன செலவைக் கேட்டு மேட்டில் இருப்பவர் பயப்படுவதும் இதனால்தான் அர்த்தமில்லாதவை.

மண்ணைத் தெரிந்துகொள்ள முதல் வழி, வீடு வரப்போகும் இடத்தில் இரண்டு மூலைகளில் ஆளை இறக்கிக் குழி வெட்டிப் பார்ப்பது. பொக்லைன் வேண்டாம், அது எல்லா மண்ணையும் ஒரே மாதிரி வாரிப் போட்டுவிடும். ஆள் வெட்டினால் குழியின் சுவர் புத்தகம் மாதிரி நிற்கும். மேலே ஒன்றரை அடிக்கு ஓட்டுத் துண்டு, பாலித்தீன், பழைய காரை என்று யாரோ கொட்டிய மண் இருக்கும். அதற்குக் கீழே நிறம் ஒரே சீராகச் சிவக்கும். கடப்பாரையின் ஓசை ‘பொத்’ என்பதிலிருந்து ‘ணங்’ என்று மாறும் ஆழத்தைச் சுவரில் கோடு கிழித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆழத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து, தண்ணீர் தெளித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது கைவைத்தியம் மாதிரித் தோன்றும். ஆனால் அஸ்திவாரங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1904, தன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் களிமண்ணை அப்படித்தான் தரம் பிரித்தது: விரல் நகத்தால் கீறினால் தடம் விழும் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 டன், கட்டைவிரலை ஓங்கி அழுத்தினால் பள்ளம் விழும் மண்ணுக்கு 15 டன், சாதாரணமாக அழுத்தினாலே விழுந்தால் 10 டன், விரல் பல சென்டிமீட்டர் உள்ளே இறங்கினால் 5 டன். காய்ந்த கட்டியில் இந்தச் சோதனை பொய் சொல்லும். இந்தச் செம்மண் மார்ச் மாதத்தில் பாறை மாதிரி நடிக்கும், அக்டோபரில் தளர்ந்துவிடும். ஆகவே நனைத்த பிறகு கிடைக்கும் பதிலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குழியில் ஒரு பீப்பாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் போய் அடிமண்ணை மிதித்துப் பார்க்கிறவர் பாதி இன்ஜினியர்.

இப்போது மாடிக் கணக்கு. முப்பதுக்கு நாற்பது சைட்டில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே பாரத்தைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு மாடிக்கு, சுமார் 1.4 டன் எடை. இருபுறமும் பத்தடி அறை உள்ள நடுச்சுவரின் மேல், மோல்டு என்று இங்கே சொல்லும் கான்கிரீட் கூரை ஒவ்வொன்றும் தளஓடு, சாமான், மனிதர்கள் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 1.8 டன் அளவுக்கு இறக்கும். இரண்டு மாடிக்கும் சேர்த்து ஆறரை டன்; பாயாவின் சொந்த எடையும் கூடினால் எட்டு டன். பதினைந்து டன் தாங்கும் செம்மண்ணில் இதற்கு வேண்டிய அகலம் இரண்டடிக்கும் குறைவு. ஆனால் சைஸ் கல் எனப்படும், அளவாக உடைத்த கல்லை இரண்டு வரிசையாக ஒழுங்காகக் கட்டவும், ஆள் இறங்கி வேலைசெய்யவும் எப்படியும் இரண்டரை அடிக் குழி வேண்டும். அந்த இரண்டரை அடியில் மண்ணுக்குப் போகும் அழுத்தம் சதுர மீட்டருக்குப் பத்தரை டன்தான். அதாவது கைக்கு வசதி என்று போடும் அகலமே கணக்கு கேட்பதைவிடக் கூடுதல். இன்னொரு மாடி ஏற்றினாலும் 14.7 டன், விளிம்பில், ஆனால் வரம்புக்குள். இதில் கம்பி என்று போவது மேலே ஓடும் பெல்ட் கான்கிரீட்டுக்கு மட்டும். சுவர்களின் மொத்த நீளம் 170 அடி என்றால் நாலு கம்பியும் வளையமும் சேர்ந்து கால் டன்னுக்குள் முடிந்துவிடும்.

அதே சைட்டில் பில்லர் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். பதினோரு அடிக்கு ஒன்றாகப் பில்லர் வைத்தால் நடுப் பில்லர் ஒவ்வொரு மாடிக்கும் சுவர், பீம், மோல்டு எல்லாம் சேர்த்து 14 டன் வாங்கும். கீழே ஒன்று மேலே ஒன்று என்றால் 28 டன்னைத் தாண்டும். அதற்கு நாலரை அடி சதுர ஃபுட்டிங், அதாவது பில்லரின் அடியில் விரியும் கான்கிரீட் பீடம், போதும். கனம் ஒன்றேகால் அடி. கான்கிரீட் 25 கன அடி. ‘எதற்கும் இருக்கட்டும், நாலு மாடிக்குப் போட்டு வை’ என்று வீட்டுக்காரர் சொன்ன மறுநிமிஷம் பாரம் 57 டன் ஆகிறது. ஃபுட்டிங் ஆறரை அடிக்குப் போகிறது, கனம் ஒன்றரை அடி, கான்கிரீட் 63 கன அடி. மாடி இரண்டு மடங்கானால் கான்கிரீட் இரண்டரை மடங்காகிறது, ஏனென்றால் அகலத்தோடு கனமும் வளர்கிறது. கம்பி அதைவிட வேகமாக ஏறும், குழி பெரிதாகும், குழியை மூடும் கூலி கூடும், பில்லரின் பருமன் கீழேயிருந்தே தடிக்கும். முப்பதுக்கு நாற்பதில் இப்படிப் பன்னிரண்டு பில்லர். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற இரண்டு வார்த்தைக்கு ஆகும் விலை இது. பெங்களூரில் அந்த வார்த்தையைச் சொன்ன வீடுகளில் எத்தனை, பதினைந்து வருஷம் கழித்தும் மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதைக் கம்மனஹள்ளிப் பக்கம் எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் எண்ணிவிடலாம். துருவேறிய அந்தக் கம்பியில் நாளைக்கு மாடி கட்டவும் முடியாது.

இதற்கு மறுப்பு வலுவானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லிங்கராஜபுரத்தில் நிலத்தின் விலைதான் வீட்டைவிடப் பெரிது. வாடகைதான் பலருக்கு ஓய்வூதியம். மேலே ஒரு மாடி ஏற்றி லீசுக்கு விட்டால் பிள்ளையின் கல்யாணம் நடக்கும். அப்படியிருக்க, கீழே கொஞ்சம் மிச்சம் பிடித்து மேலே வரும் வாய்ப்பை அடைப்பது புத்திசாலித்தனமா? என் பதில்: மாடி ஏறப்போவது நிச்சயம் என்றால் பில்லரே சரி, நாலு மாடிக்கே போடுங்கள், அது செலவல்ல, முதலீடு. கேள்வி அந்த நிச்சயத்தைப் பற்றியது. சைட்டின் பத்திரமும் கட்டட அனுமதியும் அத்தனை மாடிக்கு இடம் தருமா, சட்டப்படி விடவேண்டிய காலியிடத்தை விட்டபின் மாடி ஏறும் படிக்கட்டுக்கு இடம் மிஞ்சுமா, பணம் எந்த வருஷம் வரும் என்று மூன்று கேள்விக்கும் பதில் எழுதிவைக்க முடிந்தால் அது நிச்சயம். முடியாவிட்டால் அது ஆசை. ஆசைக்குக் கல் பாயாவிலேயே ஒரு மாடி மிச்சம் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். செங்கல்லின் வலுவைச் சோதித்து, சுவர்மேல் சுவர் வரும்படி கட்டினால் மூன்றாவது தளம் எட்டக்கூடியதே. அதற்குமேல் வேண்டும் என்கிறவர் இன்றே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கல் பாயாவுக்கு உண்மையான எதிரி மாடி ஆசையல்ல, கார். கீழ்த்தளத்தில் முன்பக்கம் பத்தடிக்குப் பதினாறடி காருக்கு விட்டால் மேலே வரும் சுவருக்குக் கீழே சுவர் இருக்காது. இருபதுக்கு முப்பது சைட்டில் காரும் வேண்டும், படிக்கட்டும் வேண்டும் என்றால் பில்லரைத் தவிர வேறு வழியில்லை. அங்கே கல் பாயா பேசுவது நேரத்தை வீணடிப்பது. ஒன்பது அங்குலச் சுவர் இடத்தைத் தின்கிறது என்பதும் மெய். பில்லர் வீட்டில் ஆறு அங்குல, நாலு அங்குலச் சுவர் வைத்து வீட்டின் அகலத்தில் ஓரிரு அடி மீட்கலாம். சின்ன சைட்டில் அந்த ஓரிரு அடிதான் பீரோ நிற்கும் இடம். முப்பதுக்கு நாற்பதில் நடுவழி ஒன்று உண்டு: கார் நிற்கும் பகுதிக்கு மட்டும் நாலு பில்லர், மற்ற இடமெல்லாம் பாரம் தாங்கும் சுவர். இரண்டும் ஒரே கெட்டி மண்ணில், ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் உட்கார்ந்தால் இது நன்றாக வேலைசெய்யும். பாதி வீடு மேட்டு மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் இரண்டும் வேறு வேறு அளவு இறங்கி, சேரும் இடத்தில் சுவர் விரிசல் விடும். கலப்பு முறையை மண்ணைப் பார்க்காமல் செய்யக்கூடாது.

பில்லர் என்றால் பத்திரம், கல் என்றால் பழங்காலம் என்ற எண்ணம் இன்னொரு மறுப்பு. பூகம்பம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் பெங்களூர் இரண்டாம் மண்டலத்தில், அதாவது நாட்டிலேயே குறைந்த ஆபத்துப் பகுதியில் இருக்கிறது. பாயா மட்டம், லிண்டல் மட்டம், மோல்டு மட்டம் மூன்றிலும் கான்கிரீட் பெல்ட் சுற்றிவந்து சுவர்களைக் கட்டிப்போட்டால், இரண்டு மாடிச் சுவர் வீட்டுக்கு அந்த அதிர்வு பெரிய சோதனையல்ல. பில்லர் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு 2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்த கட்டடங்களே சாட்சி. கீழ்த்தளத்தைக் காருக்காகச் சுவரில்லாமல் விட்டுப் பில்லர்மேல் நின்றவை அவற்றில் பல. நம் பக்கத்திலேயே, 2021 அக்டோபரில் கஸ்தூரி நகரில் ஓர் அடுக்குமாடி சரிந்தது; ஆட்கள் முன்பே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். 2024 அக்டோபர் 22 அன்று பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் மழையில் இடிந்து வேலைக்கு வந்தவர்கள் செத்தார்கள். இரண்டும் எழுப்பப்பட்டது பில்லர்மேல்தான். மறுபக்கம், 1898ஆம் ஆண்டுப் பிளேக்குக்குப் பிறகு உருவான பிரேசர் டவுனில் கல் பாயாமேல் எழுப்பிய பழைய சுவர் வீடுகள் இடிபடும் வரை நின்றன. அவற்றை இடித்தது மண் அல்ல, நிலத்தின் விலை. இது பழைய கதை மட்டுமல்ல. இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா அமைப்பில் பேராசிரியர் கே.எஸ். ஜகதீஷ் போன்றவர்கள் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லை ஆராய்ந்து, பாரம் தாங்கும் சுவர் வீடுகளை இதே நகரத்தில் கட்டிக்காட்டினார்கள்.

ஆனால் கல் பாயா மலிவு என்பது ஒழுங்காகக் கட்டினால் மட்டும். இங்கே நடக்கும் திருட்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. இருபுறமும் முகம் பார்த்த கல்லை நேர்த்தியாக அடுக்கி, நடுவில் சில்லையும் மண்ணையும் கொட்டி, மேலே ஒரு பூச்சுக் கலவை தடவிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். பாரம் ஏறியதும் இரண்டு முகமும் தனித்தனியாகப் பிரிந்து வெளியே தள்ளும். இதைத் தடுக்க வழி, நாலைந்து அடிக்கு ஒன்றாக அகலம் முழுவதையும் கடந்து இருபுறத்தையும் பிடிக்கும் நீளக் கல் வைப்பது. ஒரே கல் அத்தனை நீளம் கிடைக்காவிட்டால் இரண்டு கல்லை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வைப்பது. சோதனை எளிது. அடுத்த வரிசை ஏறுவதற்கு முன், கலவை இறுகிய மறுநாள், கட்டின் நடுவில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். மேலே தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் உள்ளே கலவை இருக்கிறது. ‘கொடகொட’ என்று இறங்கிக் காணாமல் போனால் அந்த வரிசையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும், மேஸ்திரியின் முகம் எப்படிச் சுருங்கினாலும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தன் சிக்கனக் கையேட்டில் காட்டிய இரண்டு விஷயங்களும் இங்கே காசு மிச்சம். தோண்டும் மண்ணை வெளியே எறிந்து பிறகு கூலி கொடுத்து உள்ளே கொண்டுவராமல், முதலிலேயே உட்பக்கம் போடச் சொல்வது ஒன்று. பாயாவின் வெளி விளிம்போடு சுவரைச் சேர்த்துக் கட்டி, மழைத்தண்ணீர் உட்கார்ந்து உள்ளே இறங்கும் படியை வெளிப்பக்கம் விடாமல் இருப்பது மற்றொன்று. முதலாவதைச் சொன்னவுடன் ஒப்புக்கொள்கிற மேஸ்திரி, இரண்டாவதற்கு ‘பார்க்க நல்லா இருக்காது’ என்பார்.

சைஸ் கல் முன்போல் கிடைப்பதில்லை, கல் கட்டத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று சொல்வதை நான் மறுக்கமாட்டேன். நகரத்தைச் சுற்றியிருந்த குவாரிகள் மூடி, லாரி தூரத்திலிருந்து வருகிறது. சின்னத் தெருவில் அந்த லாரி நுழைய அண்டைவீட்டு பைக்குகளை நகர்த்த வேண்டும். கல் விலை ஏறினால் கணக்கும் மாறும். அப்போதும் தொடர்ச்சியான பாயா என்ற யோசனை செல்லும்: அடியில் அகலமான கான்கிரீட் பட்டை, அதன்மேல் எட்டு அங்குல சாலிட் பிளாக் கட்டு, மேலே பெல்ட். மண் நல்லதாக இருந்தால் இது கல்லைவிட வேகமாகவும் முடியும். பார்க்க வேண்டியது பிளாக்கின் தரம். தெருவோரத்தில் அடித்து வெயிலில் காயவைத்து, தண்ணீர் காட்டாமல் அனுப்பும் பிளாக்கை மண்ணுக்குள் வைக்கக்கூடாது. ஒன்றோடொன்று மோதினால் ‘டங்’ என்று ஒலிப்பதையும், ஓரம் விரலால் உதிராததையும் எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளத்துத் தெருக்களுக்கு வருவோம். அங்கே குழி வெட்டினால் செம்மண்ணுக்குப் பதில் சாம்பல் கலந்த கறுப்பு வண்டல் வரும். மூக்கருகே கொண்டுபோனால் ஏரி வாசனை. உருட்டினால் மெழுகு மாதிரித் திரளும். இந்த மண்ணுக்குப் பத்து டன் கொடுப்பதே தாராளம். மேலே போட்ட கணக்கில் நாலு மாடிப் பில்லருக்கு இப்போது எட்டடி சதுரம் வேண்டும். பதினோரு அடிக்கு ஒரு பில்லர் என்றால் ஃபுட்டிங்குகளே தரையில் பாதிக்குமேல் பிடித்துவிடும். பாதியைத் தாண்டினால் தனித்தனி ஃபுட்டிங்கை விட்டு வீடு முழுக்க ஒரே ராஃப்ட், அதாவது ஒற்றைக் கான்கிரீட் பலகை, போடுவதே மலிவு என்பது தொழிலில் எல்லோரும் ஏற்ற அளவுகோல். ஆனால் ராஃப்டுக்கு ஓடும்முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கெட்டி மண் எத்தனை அடியில்? வண்டல் மூன்று நாலு அடிதான் என்றால் அதைத் தாண்டிக் குழியை இறக்கி, அடியை மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பி, அதன்மேல் வழக்கமான ஃபுட்டிங்கை வைப்பது ராஃப்டைவிடக் குறைவாகவே முடியும். எட்டு பத்தடி என்றால், ஆகர் என்ற துளைக்கருவியால் குடைந்து குட்டைப் பைல் இறக்கி மேலே பீம் ஓட்டலாம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக உருவாக்கிய, அடியில் குமிழ் மாதிரி விரியும் பைல் இந்த வகையில் பழக்கமானது, அதற்கு ஐ.எஸ். 2911இல் தனிப் பகுதியே உண்டு. கொட்டிய குப்பையும் மூடிய கிணறும் இருக்கும் சைட்டில் மட்டும் இந்தச் சிக்கனமெல்லாம் பேசக்கூடாது. மூடிய கிணறு வீட்டின் ஒரு மூலைக்குக் கீழே வந்தால் வரைபடத்தைத்தான் நகர்த்த வேண்டும். தெருவில் எழுபது வயசு தாண்டிய யாரையாவது கேட்டால் கிணறு எங்கே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள், அதற்குக் கட்டணமில்லை.

மூன்றாவது விஷயமான பக்கத்துச் சுவரைக் கணக்கில் எடுக்காதவர்களே அதிகம். லிங்கராஜபுரத்தின் பழைய பகுதிகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பக்கத்து வீட்டுப் பாயா மூன்றடியில் கல்லில் நிற்கும். நீங்கள் அதையொட்டி ஆறடிக்கு வெட்டினால் அவர் வீட்டின் மண்ணை உருவுகிறீர்கள். இரண்டு அஸ்திவாரங்களின் அடிமட்டம் வேறாக இருந்தால் அவற்றின் விளிம்புகளை இணைக்கும் கோடு, இரண்டடி தள்ளினால் ஓரடி இறங்கும் சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது பொதுவிதி. அதாவது மூன்றடி கூடுதலாக இறங்க ஆறடி தள்ளிப் போக வேண்டும். முப்பதடி அகலத்தில் அந்த ஆறடியை யார் தருவார்கள்? ஆகவே அந்தப் பக்கம் அவர் மட்டத்திலேயே நின்று, அகலத்தை உள்பக்கம் நீட்டி, உள்பக்கப் பில்லரோடு பீமால் கட்டுவதுதான் வழி. குழியை மொத்தமாகத் திறக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகத் திறந்து மூட வேண்டும். மழை மாதத்தில் அதையும் செய்யக்கூடாது.

சொந்த வீட்டுக்குள்ளேயே இதே தவறு சம்ப் வடிவில் வருகிறது. காவேரித் தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் என்பதால் நிலத்தடித் தொட்டி இல்லாத வீடு இங்கே இல்லை. வாஸ்து அதை ஈசானிய மூலைக்குக் கேட்கும். மூலையில் பில்லரும் நிற்கும். சம்பின் ஆழம் எட்டடி, ஃபுட்டிங்கின் ஆழம் ஐந்தடி. அந்த மூலையைச் சம்புக்குக் கொடுக்கலாம், வாஸ்துவோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த மூலை ஃபுட்டிங்கைச் சம்பின் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும், சம்ப் பிறகு என்று தள்ளக்கூடாது. 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள சைட்டுகளில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பை 2009இல் கட்டாயமாக்கியதிலிருந்து உறிஞ்சுகுழி வேறு சேர்ந்திருக்கிறது. ஃபுட்டிங்கை ஒட்டி உறிஞ்சுகுழி தோண்டுவது, நனைந்தால் தளரும் செம்மண்ணுக்கு வருஷாவருஷம் நாமே தண்ணீர் ஊட்டுவது. சைட்டின் தாழ்ந்த பக்கத்தில், பில்லருக்கு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி அதற்கு இடம் ஒதுக்கிய பிறகே பாயாவின் கோடுகளைச் சுண்ணாம்பில் போட வேண்டும்.

மண் பரிசோதனைக்குத் துளைபோட்டுப் பார்க்கும் செலவு வீண் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சின்ன சைட்டில் இரண்டு துளைக்கு ஆவது பெரும்பாலும் ஒரு டன் கம்பியின் விலைக்குள் அடங்கும். மேட்டுச் செம்மண்ணில் இரண்டு மாடிச் சுவர் வீட்டுக்கு அது தேவையில்லை, ஆள் வெட்டிய குழியே போதும் என்பேன். மூன்று மாடியைத் தாண்டினாலோ, பள்ளத்துத் தெரு என்றாலோ அதைச் செய்யாமல் இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு பத்து டன் என்று எழுதுவார்; அவருக்கு அது பத்திரம். உண்மையில் அங்கே பதினைந்து இருந்திருந்தால் ஒவ்வொரு ஃபுட்டிங்கிலும் மூன்றில் ஒரு பங்கு பரப்பை நீங்கள் பயத்துக்காகக் கட்டியிருப்பீர்கள். பரிசோதனை அறிக்கை கையில் வந்ததும் அதை அலமாரியில் வைக்காமல் வரைபடம் போடுகிறவரிடம் கொடுத்து, எந்த ஆழத்தில் எந்த எண்ணை எடுத்தார் என்று தாளில் எழுதி வாங்குங்கள். குழி வெட்டும்போது அந்த ஆழத்தில் அறிக்கை சொன்ன மண்தான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குழியில் மட்டும் வேறு மண் வந்தால் அந்தக் குழியில் வேலையை நிறுத்த வேண்டும். பிறகு, மூடுவதற்கு முன், ஒவ்வொரு குழியிலும் டேப்பை நிறுத்தி, அளவு தெரிய ஒரு போட்டோ. பத்து வருஷம் கழித்து மாடி ஏற்றலாமா என்று பிள்ளை கேட்கும்போது தரையை உடைக்காமல் பதில் சொல்ல அந்தப் பன்னிரண்டு படங்கள் போதும்.